கஷ்ட காலத்தில் யி ஜிங் குறியைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போனவர்கள், கடனில் மாட்டிக்கொண்டவர்கள், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எனப் பலரும் சீனக் குறி நூலான யி ஜிங்கை நாடுகிறார்கள். நாணயம் போட்டால் ஏதோ ஒரு உரு வந்துவிடும். அதன் கீழே ‘மூக்கும் காலும் அறுபட்டன’ என்று எழுதியிருந்தால், இருக்கிற கவலையோடு பயமும் சேர்ந்துகொள்ளும். அந்த வரியை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

யி ஜிங் என்றால் என்ன?

சீனாவின் மிகப் பழைய நூல்களில் ஒன்று. தமிழில் ‘ஐ சிங்’ என்றும் எழுதுகிறார்கள். முழுக்கோடு யாங், நடுவில் இடைவெளி விட்ட கோடு யின். இப்படி ஆறு கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினால் ஓர் உரு. மொத்தம் 64 உருக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு முதல் வாசகம், கோட்டுக்கு ஒன்றாக ஆறு வாசகங்கள் உண்டு. ஆக, கோட்டு வாசகங்கள் மட்டுமே 384.

மூலப் பகுதி ஏறக்குறைய 2800 ஆண்டுகளுக்கு முன், மேற்கு ஜோ வம்ச காலத்தில் உருப்பெற்றது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ‘பத்துச் சிறகுகள்’ எனப்படும் விளக்கவுரைகள் பிற்பாடு சேர்ந்தவை. அவற்றை எழுதியவர் கன்பூசியஸ் என்பது மரபு. இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. கி.மு. 213இல் சின் பேரரசு நூல்களை எரிக்க ஆணையிட்டபோது மருத்துவம், வேளாண்மை, குறி பற்றிய நூல்களுக்கு விலக்கு இருந்தது. யி ஜிங் தப்பியது அதனால்தான். 1973இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறைக்குள், பட்டுத்துணியில் எழுதிய பிரதி கிடைத்தது. அதில் உருக்களின் வரிசை இப்போது நாம் பார்ப்பதிலிருந்து வேறுபடுகிறது.

கஷ்டத்தில் இருப்பவர்கள் ஏன் குறிப்பாக இதைத் தேடுகிறார்கள்?

இந்த நூலுக்குச் சொல்லப்படும் பிறப்புக் கதையே ஒரு சிறைக் கதை. ஷாங் வம்சத்தின் கடைசி அரசன், ஜோ குலத் தலைவரான வென்னை இன்றைய ஹெனான் மாகாணத்திலுள்ள யோலி என்னுமிடத்தில் அடைத்து வைத்தான். அந்தச் சிறையில் இருந்தபடிதான் அவர் உருக்களுக்கு வாசகம் எழுதினார் என்பார்கள். இது வரலாறா என்பதை விட்டுவிடலாம். பத்துச் சிறகுகளில் ஒன்றான ‘பேருரை’ கேட்கும் ஒரு கேள்விதான் எனக்கு முக்கியம்: ‘யி நூலை ஆக்கியவர்கள் கவலையும் துயரமும் அறிந்தவர்களோ?’

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, துன்ப காலத்தில் ஒருவன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்பது உருக்களைப் பேருரை வரிசைப்படுத்துகிறது: 10, 15, 24, 32, 41, 42, 47, 48, 57. இவற்றில் 15 பணிவு, 24 திரும்பி வருதல், 48 கிணறு. எல்லாரும் அஞ்சும் 47ஆம் உருவும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. ‘குணத்தைப் பரிசோதிப்பது இதுவே, மனக்கசப்பைக் குறைப்பதும் இதுவே’ என்கிறது பேருரை. நூலின் பழைய உரைகாரர்களே பயப்படாத ஓர் உருவுக்கு நாம் பயந்து நடுங்க வேண்டியதில்லை.

எப்படிக் கேட்பது? நாணயமா, குச்சியா?

பழைய முறை ‘யாரோ’ (yarrow) என்ற செடியின் 50 தண்டுகளை வைத்துச் செய்வது. ஒன்றை எடுத்து ஒதுக்கிவிட்டு, மீதி 49ஐ இரு கூறாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணிக் கழிக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு மூன்று முறை. ஆறு கோட்டுக்குப் பதினெட்டு முறை. பழக்கமில்லாதவருக்கு அரை மணி நேரம்கூட ஆகும்.

நாணய முறை எளிது. மூன்று நாணயங்களை ஒன்றாகப் போடுங்கள். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று வைத்துக் கூட்டினால் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வரும். 7 என்றால் மாறாத யாங், 8 என்றால் மாறாத யின். 9 வந்தால் அது யின்னாக மாறப்போகும் யாங். 6 வந்தால் யாங்காக மாறப்போகும் யின். ஆறு முறை போட்டு, முதலில் வந்ததை அடியில் எழுதி மேலே போய்க்கொண்டிருங்கள். மாறும் கோடுகளை மாற்றி வரைந்தால் இரண்டாவது உரு கிடைக்கும்.

இரண்டு முறைக்கும் விகிதம் ஒன்றல்ல. நாணயத்தில் 6, 9 இரண்டும் எட்டில் ஒரு முறை வரும். தண்டு முறையில் 9 வருவது பதினாறில் மூன்று முறை, 6 வருவது பதினாறில் ஒரே ஒரு முறை. அதனால் சிலர் தண்டுதான் உயர்வு என்று வாதாடுவார்கள். கையில் இருப்பதை வைத்துக் கேட்டால் போதும் என்பது என் கருத்து. இடையில் மட்டும் முறையை மாற்றாதீர்கள்.

கேள்வியை எப்படி அமைப்பது?

‘எனக்கு எப்போது விடியும்?’ என்று கேட்டால் எந்த வாசகம் வந்தாலும் அதில் தேதியைத்தான் தேடுவீர்கள். ‘வீட்டை விற்கலாமா, கூடாதா?’ என்று ஆம் இல்லை போட்டுக் கேட்டாலும் சிக்கல்தான். வாசகங்கள் ஆம் இல்லை என்று பேசுவதில்லை. ‘இந்த மூன்று மாதம் கடன்காரர்களிடம் நான் எப்படி நடந்துகொள்வது?’ என்று கேட்டுப் பாருங்கள். யார், எதைப் பற்றி, எவ்வளவு காலத்துக்கு, நான் செய்யக்கூடியது என்ன என்ற நான்கும் அதில் வந்துவிடுகின்றன. கேள்வியைத் தாளில் எழுதிவிட்டுப் போடுங்கள். எழுதாவிட்டால், விடையைப் பார்த்ததும் மனம் கேள்வியையே கொஞ்சம் வளைத்துக்கொள்ளும்.

எனக்குக் கெட்ட உரு வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?

சீன மரபில் நான்கு உருக்களை ‘பெரும் இடர் உருக்கள்’ என்று சேர்த்துச் சொல்வார்கள்: 3, 29, 39, 47. ஒவ்வோர் உருவும் மேலே மூன்று, கீழே மூன்று கோடுகள் என இரண்டு பகுதி; ஒவ்வொரு பகுதிக்கும் நீர், மலை, இடி, ஏரி என்பதுபோல ஒரு பெயர் உண்டு. இந்த நான்கிலும் நீரைக் குறிக்கும் மூன்று கோட்டுப் பகுதி இருக்கிறது. யி ஜிங்கில் நீர் என்றால் பள்ளம், ஆபத்து. நான்கும் நான்கு வகைத் துன்பம் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

3ஆம் உரு தொடக்கத்தின் தவிப்பு. நிலத்தை முட்டிக்கொண்டு வரப் பார்க்கும் முளையின் நிலை. ‘எங்கும் கிளம்பாதே, துணைக்கு ஆட்களை அமர்த்து’ என்கிறது முதல் வாசகம். புதுத் தொழில், புது ஊர், புதுக் கல்யாணம் பற்றிக் கேட்டு இது வந்தால், தனியாக இழுத்துக்கொண்டு போகாமல் உதவி கேளுங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

29 பள்ளத்துக்குள் பள்ளம். நீருக்கு மேல் நீர். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும் காலம். ‘உண்மையோடு இரு, உள்ளம் வழி கண்டுகொள்ளும்’ என்பது இதன் சாரம். மூன்றாம் கோடு வெளிப்படையாகவே ‘எதையும் செய்யாதே’ என்று சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் கோடு: ஒரு குடுவை மது, இரண்டு கலம் சோறு, மண்பாத்திரம், ஜன்னல் வழியாக எளிமையாகக் கொடுக்கப்படுகிறது, கடைசியில் குற்றமில்லை. சடங்கும் அந்தஸ்தும் பார்க்க முடியாத நேரத்தில், இருப்பதை இருக்கிற பாத்திரத்தில் வைத்து நீட்டினால் போதும் என்கிறது. மருத்துவமனை வாசலில் தூக்குவாளியோடு நின்றவர்களுக்கு இந்த வரியை விளக்கத் தேவையில்லை.

39இல் மலையின் மேல் நீர். முன்னால் பள்ளம், நடக்கிறவருக்கோ கால் நொண்டுகிறது. ‘தென்மேற்கு நல்லது, வடகிழக்கு நல்லதல்ல, பெரியவரைப் பார்ப்பது நல்லது’ என்று வரும். திசையை வைத்து வீடு மாற்றிவிடாதீர்கள். உரைகாரர்கள் பலர் தென்மேற்கைச் சமவெளியாகவும், வடகிழக்கை மலையாகவும் படிக்கிறார்கள். கடினமான வழியில் முட்டி மோதாமல் எளிய வழிக்குத் திரும்பு, விவரம் தெரிந்தவரைக் கேள் என்பதுதான் செய்தி.

47 நெருக்கடி. ஏரிக்கு அடியில் நீர். அதாவது ஏரி வற்றிவிட்டது. இதைக் கீழே ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் படித்துக் காட்ட முடியுமா?

ஒருவர் வேலை பார்த்த ஆலை மூடிவிட்டது. பாக்கிச் சம்பளம் வரவில்லை, வீட்டுக் கடன் தவணை இரண்டு நின்றுவிட்டது. ‘அடுத்த மூன்று மாதம் நான் எப்படி நடந்துகொள்வது?’ என்று கேட்டு நாணயம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து 8, 7, 8, 7, 9, 8 வருகிறது. அடி மூன்று கோடுகள் நீர், மேல் மூன்று ஏரி: 47ஆம் உரு. ஐந்தாம் கோடு மாறும் கோடு. அதை மாற்றினால் மேலே இடி, கீழே நீர்: 40ஆம் உரு, ‘அவிழ்தல்’.

முதலில் 47இன் முதல் வாசகம். உறுதியாய் நில், பெரிய மனம் உடையவருக்கு நன்மை, குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, ‘சொல் உண்டு, நம்புவார் இல்லை’ என்று முடிகிறது. இந்தக் கடைசிப் பகுதியை நெருக்கடியில் இருப்பவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கஷ்டத்தில் இருப்பவன் சொல்லும் விளக்கத்தை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாயை நம்பினால் முட்டுச்சந்துதான் என்று உரையும் சொல்கிறது. அப்படியென்றால் இவர் வங்கியில் போய்க் கதை சொல்வதைவிட, ஆலை மூடிய அறிவிப்பு, சம்பளச் சீட்டு, தவணை கட்டிய ரசீது ஆகியவற்றைக் கோப்பாகக் கொண்டுபோய் வைப்பதே நல்லது. சொந்தக்காரர்களிடம் நியாயம் பேசுவதையும் கொஞ்ச காலம் நிறுத்தலாம்.

அடுத்து ஐந்தாம் கோடு. ‘மூக்கும் காலும் அறுபட்டன. செந்நிறக் கச்சை கட்டியவர்களால் நெருக்கடி. மெல்ல மெல்ல விடுதலை வரும். படையலிட்டு வழிபடுவது நன்று.’ மூக்கறுத்தலும் காலறுத்தலும் பழைய சீனாவின் தண்டனைகள். செந்நிறக் கச்சை அதிகாரிகளின் அடையாளம். இங்கே யாருக்கும் உடலில் காயம் வரப்போவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மானமும் நடமாட்டமும் போய்விட்ட நிலை, அதுவும் அதிகாரத்தில் இருப்பவர்களால். ‘மெல்ல’ என்ற சொல்லைத்தான் இவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கந்துவட்டிக்கு வாங்கி அடைத்தால், அந்தச் சொல்லுக்கு நேர் எதிராகப் போகிறார். படையலை, அவரவர் நம்பிக்கைப்படி மனத்தை நிலைநிறுத்தும் அன்றாட ஒழுங்கு என்று படிக்கலாம்.

கடைசியாக, போய்ச்சேரும் 40ஆம் உரு. இடியும் மழையும் சேர்ந்து இறுக்கம் தளர்கிறது. ‘போக வேண்டிய இடம் இல்லையென்றால் திரும்பி வா, நல்லது. இருந்தால் சீக்கிரம் போ, நல்லது.’ பிழைகளை மன்னிப்பதையும் இந்த உரு சொல்கிறது. தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதே. பழைய முதலாளி மீதான ஆத்திரத்தை மட்டும் இன்னும் பல வருடம் சுமந்துகொண்டு திரியாதே. இதே குறியை இன்னொருவர் கொஞ்சம் வேறாகப் படிக்கலாம். ஆனால் ‘பேசாதே, மெல்லப் போ, வழி திறந்தால் தாமதிக்காதே’ என்ற மூன்றையும் விட்டுவிட்டுப் படித்தால் அது படிப்பே அல்ல.

இரண்டு மூன்று கோடுகள் மாறினால் எதைப் படிப்பது?

நாணய முறையில் இது அடிக்கடி நடக்கும். ஒரு கோடும் மாறாமல் இருப்பது 100க்கு ஏறக்குறைய 18 முறைதான். சொங் வம்ச அறிஞர் ஜு ஷி (1130–1200) வகுத்த முறை இது. ஒன்றும் மாறாவிட்டால் முதல் வாசகம். ஒன்று மாறினால் அந்தக் கோட்டின் வாசகம். இரண்டு மாறினால் இரண்டையும் படித்து, மேலே இருப்பதற்கு முதன்மை கொடுங்கள். மூன்று என்றால் இரு உருக்களின் முதல் வாசகங்கள். நான்கோ ஐந்தோ மாறினால் இரண்டாவது உருவில் மாறாமல் நின்ற கோடுகளைப் பாருங்கள். நான்கில் அப்படி இரண்டு இருக்கும், கீழே உள்ளதற்கு முதன்மை. ஆறும் மாறினால் இரண்டாவது உருவின் முதல் வாசகம். உரு 1, 2 ஆகியவற்றுக்கு மட்டும் இதற்கெனத் தனி வாசகம் உண்டு. மனம் கலங்கியிருக்கும்போது ஐந்து கோட்டையும் படித்துக் குழம்புவதைவிட இப்படி ஒரு விதிக்குக் கட்டுப்படுவது நல்லது.

‘கேடு’, ‘வருத்தம்’, ‘குற்றமில்லை’ என்றெல்லாம் வருகிறதே?

இவை நூல் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் முத்திரைச் சொற்கள். கேடு என்பது கடுமையானது: இந்தப் போக்கில் போனால் நாசம். வருத்தம் அதைவிடக் குறைவு, திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. ‘அபாயம்’ என்று வந்தால் விழித்திரு என்று அர்த்தம். கஷ்ட காலத்தில் உண்மையில் கிடைக்கக்கூடிய நல்ல விடை பெரும்பாலும் ‘குற்றமில்லை’தான். பணம் திரும்பாது, வேலை கிடைக்காது, ஆனாலும் உன் நடத்தையில் பழி இல்லை. இதை அற்பமாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஒருவருக்கு அதைவிடப் பெரிய வார்த்தையை என்னால் யோசிக்க முடியவில்லை.

பிடிக்காத விடை வந்தால் மறுபடி போடலாமா?

கூடாது. 4ஆம் உருவின் முதல் வாசகமே இதைச் சொல்கிறது: முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்பது அவமதிப்பு, அவமதித்தால் சொல்ல மாட்டேன். நிலைமை உண்மையிலேயே மாறியிருந்தால் புதுக் கேள்வியாகக் கேளுங்கள். இரவு பத்து மணிக்குப் போட்டதையே இரண்டு மணிக்கு மறுபடி போடத் தோன்றினால், அப்போது உங்களுக்குத் தேவை தூக்கம்.

நல்ல விடை வந்தால் நல்லதுதானே நடக்கும்?

இதற்குச் சீனர்களே 2500 ஆண்டுகளுக்கு முன் பதில் சொல்லிவிட்டார்கள். ‘ஸோ ஜுவான்’ என்ற பழைய வரலாற்று நூலில் இரண்டு நிகழ்ச்சிகள் வருகின்றன. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இவற்றை மறக்க வேண்டாம்.

இன்றைய ஷான்டோங் பகுதியில் இருந்த லூ நாட்டில் மூ ஜியாங் என்ற ராஜமாதா, தன் காதலனோடு சேர்ந்து சதி செய்ததால் கிழக்கு அரண்மனையில் அடைக்கப்பட்டாள். அங்கே போனபோது குறி பார்த்தார்கள். வந்தது மலை உரு. அது 17ஆம் உருவாகிய ‘பின்தொடர்த’லுக்கு மாறியது. குறி சொன்னவர், சீக்கிரம் வெளியே போய்விடலாம் என்றார். அவள் மறுத்தாள். அந்த உரு நான்கு நற்குணங்களைச் சொல்லி, அவை உள்ளவருக்குக் குற்றமில்லை என்கிறது. நான் நாட்டைக் குலைத்தேன், என்னையே கெடுத்துக்கொண்டேன், அந்த நான்கில் ஒன்றும் என்னிடம் இல்லை. நான் இங்கேயேதான் சாவேன் என்றாள். கி.மு. 564இல் அங்கேயே இறந்தாள். கைதியாக இருந்தும், தொழில்முறைக் குறிகாரரைவிட நேர்மையாகப் படித்தவள் அவள்தான்.

இரண்டாவது, அதே லூ நாட்டில் கி.மு. 530இல் நடந்தது. நான் குவாய் என்ற அதிகாரி தன் எஜமானருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டுக் குறி கேட்டான். 2ஆம் உருவின் ஐந்தாம் கோடு வந்தது: ‘மஞ்சள் ஆடை, மிகப் பெரிய நன்மை.’ நூலிலேயே இதைவிட மங்கலமான வரி அரிது. மகிழ்ந்துபோய், விஷயத்தைச் சொல்லாமல் ஜிஃபு ஹுய்போ என்பவரிடம் காட்டினான். உண்மையும் விசுவாசமும் உள்ள காரியம் என்றால் பலிக்கும், இல்லையென்றால் தோற்கும். அபாயச் சூழ்ச்சிகளுக்கு யி நூலைக் கொண்டு குறி பார்க்கக் கூடாது என்றார் அவர். கிளர்ச்சி தோற்றது. அந்த அதிகாரி ‘சி’ என்ற நாட்டுக்கு ஓடினான்.

வாசகம் பாதி, கேட்பவரின் நடத்தை பாதி. அதனால்தான் உங்களுக்கு வந்த குறியை உங்களைத் தெரியாத ஒருவர் படித்துச் சொல்லும்போது பாதிதான் கிடைக்கிறது.

சீனக் கோயில்களில் குச்சி குலுக்குகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, அது தனி மரபு. மூங்கில் குழாயில் எண் போட்ட குச்சிகளை வைத்து, ஒன்று வெளியே விழும்வரை குலுக்குவார்கள். அந்த எண்ணுக்கு உரிய செய்யுள் தாளில் கிடைக்கும். ஹாங்காங்கின் வோங் தாய் சின் கோயிலில் 100 குச்சிகள். பல செய்யுள்கள் பழைய சரித்திரக் கதைகளைத் தொட்டுப் பேசும். கதை தெரிந்தால்தான் பலன் புரியும். சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவில் இருக்கும் குவான் இம் கோயில் இதற்குப் பெயர்போனது. அதை ஒட்டியே ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருப்பதால் அங்கே போகும் தமிழர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். சீனப் பக்தர்கள் கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

பரிகாரம் செய்தால் விலகும் என்கிறார்களே?

யி ஜிங்கின் மூல வாசகங்களில் வழிபாடு, படையல் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் கெட்ட உரு வந்தால் இத்தனை ஆயிரம் கட்டி இன்ன பொருள் வாங்கு என்று எங்கும் கிடையாது. உங்கள் பயத்துக்கு விலை பேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எதற்கு இதைக் கேட்கவே கூடாது?

மார்வலிக்கு, கட்டிக்கு, நிற்காத காய்ச்சலுக்கு மருத்துவர். நீதிமன்றக் கெடுவுக்கு வழக்கறிஞர். வீட்டில் அடி உதை என்றால் முதலில் பாதுகாப்பான இடம். வாழ்வதே வேண்டாம் என்று தோன்றும் நேரத்தில் நாணயத்தைத் தொடாதீர்கள். நம்பும் ஒருவரை உடனே கூப்பிடுங்கள். இந்தியாவில் இருந்தால் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். கலங்கிய மனத்துக்கு ‘கேடு’ என்ற ஒரு சொல் மரண ஓலையாகத் தெரியும். அந்த ஆபத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பலன் எத்தனை நாளில் தெரியும்?

வாசகங்களில் ‘மூன்று ஆண்டு காணவில்லை’, ‘ஏழு நாளில் திரும்பும்’ என்று காலக் கணக்குகள் வரும். அவற்றை நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டாம். மூன்று ஆண்டு என்றால் நெடுங்காலம், ஏழு நாள் என்றால் ஒரு சுற்று என்ற அளவில் படிப்பதே முறை.

மொபைல் ஆப்பில் போட்டுப் பார்க்கலாமா?

போடலாம். ஆனால் சில ஆப்கள் முதல் வாசகத்தை மட்டும் காட்டிவிட்டு மாறும் கோட்டை விட்டுவிடுகின்றன. எந்தக் கோடு மாறியது, இரண்டாவது உரு எது என்று காட்டுகிறதா பாருங்கள். தேதி, கேள்வி, ஆறு எண்கள், படித்து முடித்ததும் செய்வதாக முடிவெடுத்த ஒரு காரியம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கெடு முடிந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துவிட்டு, அதன் பிறகு அடுத்த கேள்விக்குப் போகலாம்.